கையெழுத்து பாக்கி

ஹாதர்லீ என்று பெயர்.
டைன் ஆற்றில் அவளை இறக்கிய அன்று
பாட்டில் முதல் வீச்சில் உடையவில்லை;
சீமாட்டி மறுபடி வீசினாள்.
கரையில் சிறுவனாக நின்று பார்த்த ஹெஸ்லப்
பின்னாளில் எங்கள் பம்புக்காரன்.
சகுனம் சரியில்லை என்பான் போதையில்.
கணக்கில் அது ஒரு பாட்டில்தான் என்பேன்.
நான் கப்பலின் கணக்கப்பிள்ளை.

பீரங்கி கிடையாது எங்களுக்கு.
வயிறு மட்டும்:
இருபத்தேழு தொட்டிகள்,
கறுப்பு எண்ணெய், டீசல், விமானத்துக்கு வெள்ளை மண்ணெய்,
பின்கட்டில் உறைந்த ரொட்டி, உருளைக்கிழங்கு, தபால்.
தாய் என்று பாடிவிடாதீர்கள்.
தாய் ரசீது எழுதுவதில்லை.
நான் மூன்று பிரதிகள் எழுதினேன்.

வேலை இதுதான்.
நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல்
எங்கள் வலப்பக்கம் வந்து ஒட்டி ஓடும்.
இடையில் நாற்பது மீட்டர் கொதிக்கும் நீர்.
நெருங்கினால் மோதும், விலகினால் அறும்.
துப்பாக்கியால் ஒரு நூலைச் சுடுவோம்,
நாங்கள் சுட்டதெல்லாம் அவ்வளவே.
நூலின் பின்னே கயிறு,
கயிற்றின் பின்னே வடம்,
வடத்தில் தொங்கி மாட்டுக்குடல் போலக் குழாய்.
சுக்கான் பிடிப்பவனுக்கு மூக்கு அரித்தால்
அடுத்தவன் சொறிந்துவிட வேண்டும்.
ஐந்து மணி நேரம்
எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பதுபோல்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.
பிறகு வடத்தை அவிழ்த்து அவர்கள் பறப்பார்கள்,
செய்தித்தாள்களுக்குள்.

தெற்கே போர் நடந்த குளிர்காலம்.
ஹார்ட்லேண்ட் விளக்கில்லாமல் வந்தது.
அறுநூற்றுப் பதினோரு டன்.
அதன் தளத்தில் ஒரு பையன்,
தலைக்குப் பெரிதான தொப்பி,
குழாயைப் பூட்டிவிட்டு இரு விரலை
உதட்டில் வைத்துக் கேட்டான்: சிகரெட்?
எண்ணெய் ஓடும்போதா, மூடனே!
ஹெஸ்லப் கத்தியதைக் காற்று தின்றது.
ஆனால் போகிற தபால் பையில்
நாலு பாக்கெட் திணித்தான்.
அதை நான் எழுதவில்லை.

ரேடாரில் ஏதோ தெரிந்தது. அவசரமாகப் பிரிந்தோம்.
ரசீது கையெழுத்தாகாமலே பையில் திரும்பிற்று.
நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

எண்ணெய் முந்துமா திரி முந்துமா என்பார்கள்.
திரி முந்திற்று.
எண்ணெய் மட்டும் விடியும்வரை
கடல்மேல் எரிந்ததாம்.
எங்கள் எண்ணெய்.
எந்தத் தொட்டி என்றுகூடத் தெரியும்:
ஒன்பதும் பதினொன்றும்.

பாத் நகர அலுவலகம் கடிதம் போட்டது.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இல்லை,
விளக்கம் தேவை. இப்படிக்கு, ஒலிவ் ட்ரெகியர்.
கப்பல் இல்லை என்று பதில் எழுதினேன்.
மறு ஆண்டும் அதே கடிதம், அதே பதில்.
ஆறு ஆண்டுகள்.
ஏழாவதில் வரவில்லை.
என்னவோ, அந்த மாதம் முழுக்க
தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பிரதி என்னிடம் இருக்கிறது.
கையெழுத்துக்கான கோட்டின்மேல்
பெருவிரல் அளவு ஒரு கறுப்புக் கறை.
கைநாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.
அந்தப் பையனுடையதாக இருக்கலாம்.
ஹெஸ்லப் எதைத் தொட்டாலும் கறுப்பு,
அவனுடையதாகவும் இருக்கலாம்.

அப்புறம் பதினெட்டு ஆண்டுகள் ஓடினாள்.
வெள்ளம் வந்த தீவுக்குக் குடிநீர்,
பயிற்சிகள், துரு, புதுப் பெயின்ட், மறுபடி துரு.
ஒற்றைத் தோல் கப்பல் இனி ஆகாது என்று
சட்டம் வந்தது. விற்றார்கள்.
துருக்கியில், அலியாகா கரையில்
மூக்கை மணலில் ஏற்றி நிறுத்தினார்கள்.

நான் போகவில்லை. ஹெஸ்லப் போனான்.
அஞ்சலட்டை எழுதினான்:
பதினொன்றாம் தொட்டியை வெட்டிக்கொண்டிருந்த
நுஸ்ரெத் என்பவன் கண்ணாடியை உயர்த்தி
என்னவோ கேட்டான், இது எந்தப் போரில் இருந்தது என்று போல.
எனக்கு அவன் பாஷை தெரியாது.
இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக நீட்டி
மணலில் பத்தடி நடந்து காட்டினேன்.
அவன் தலையாட்டினான்.
நெற்றியில் இரு விரல் வைத்துக் கொம்பு காட்டி,
கழுத்தில் நுகம் காட்டி, சிரித்தான்.
திருத்தத் தோன்றவில்லை.
தேநீர் கொடுத்தான். சர்க்கரை அதிகம்.